பாட்டிலில் பூஞ்சை: ட்ரோசெரா திசு வளர்ப்பில் என் அனுபவம்

ட்ரோசெரா, இலையின் பசை ரோமத்தால் பூச்சி பிடிக்கும் செடி. அதை இலையிலிருந்தோ விதையிலிருந்தோ கிருமியில்லாத பாட்டிலில் வளர்ப்பதுதான் என் வேலை. வேளச்சேரி வீட்டில் ட்ரோசெரா இலையை எப்போது பாட்டிலில் போட்டாலும் அகர் (கடற்பாசி ஜெல்லி) மேல் பச்சைப் பூஞ்சை படர்ந்துவிடும். செடி வளரும் ஊடகம் சரிதான்: அரை வலிமை எம்எஸ் (செடிக்கான சத்து உப்புக் கலவை), லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, பிஎச் 5.7, கிருமி சாக குக்கரில் 15 பிஎஸ்ஐ அழுத்தம், 20 நிமிடம். எதுவும் போடாமல் மூடிய பாட்டில் சுத்தமாகவே இருந்தது. அப்படியென்றால் வில்லன் இலைதான். அந்தப் பசை ரோமத்தில் கொசுவின் கால் ஒட்டியிருக்கும். அதைக் கிருமிநீக்கும் ப்ளீச்தான் என்ன செய்யும்?

விதைக்கு மாறினேன். மூக்குப்பொடி மாதிரி விதை. வடிதாளில் பொட்டலம் கட்டி, நீர்த்த ப்ளீச்சில் 10 நிமிடம், பிறகு குக்கரில் வைத்தெடுத்த தண்ணீரில் மூன்று அலசல். ஃபேனை நிறுத்திவிட்டு, கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கைவிட்டு வேலை. (மே மாதத்தில் வேண்டாம், வியர்வையே சொட்டும்.) ஸ்பிரிட் தெளித்த டப்பாவுக்குள் விளக்கு ஏற்றவே கூடாது. பூஞ்சை நின்றது, விதையும் முளைத்தது. தொட்டிக்கு மாற்றும்போது வேரிலுள்ள அகரை முழுக்கக் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் ஆகாது, மழைநீர்தான்.