25 பேருக்கு மாலைச் சிற்றுண்டி: கைக்கடக்கமான செலவில் வீட்டிலேயே செய்வது எப்படி

பிள்ளைக்குப் பிறந்தநாள், வளைகாப்பு பேச வரும் உறவினர்கள், புதுவீட்டைப் பார்க்க வரும் நண்பர்கள் என்று 25 பேர் வீட்டுக்கு வரும் நாளில், சாப்பாடு போடாமல் மாலைச் சிற்றுண்டியோடு முடித்துக்கொள்வது நல்ல யோசனை. ஆனால் பேக்கரியில் பப்ஸ், கேக், சிப்ஸ், குளிர்பானம் என்று வாங்க ஆரம்பித்தால் பணம் கரைந்துவிடும், வயிறும் நிறையாது. வீட்டில் செய்தாலும் எட்டு வகை செய்யப் போய் அத்தனையும் பாதி பாதி மிஞ்சுவது உண்டு.

எண்ணெயில் பொரித்துச் சூடாகக் கொடுக்கும் பண்டம் ஒன்றே ஒன்று போதும். மற்றவை முன்கூட்டியே செய்து வைக்கக்கூடியவையாக இருக்கட்டும். இந்தக் கணக்கில் மசால் வடை, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், பச்சை சட்னி சாண்ட்விச், ரவா கேசரி, நீர்மோர் ஆகியவை வருகின்றன. ஆளுக்கு 2 வடை, சிறிய தொன்னையில் சுண்டல், 2 முக்கோணத் துண்டு சாண்ட்விச், ஒரு வில்லை கேசரி என்றால் ஏறத்தாழ 250 கிராம் ஆகும். மாலை 4.30 மணிக்கு அது நிறைவான அளவு. இரவுச் சாப்பாடும் போடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள். எரிவாயுவைச் சேர்க்காமல் ஆளுக்கு 35 முதல் 45 ரூபாய்க்குள் அடக்கிவிடலாம். தேங்காயும் எண்ணெயும் விலை ஏறியிருக்கும் மாதத்தில் கொஞ்சம் கூடும்.

வாங்க வேண்டியவை

காய்ந்த வெள்ளைப் பட்டாணி 1 கிலோ, கடலைப்பருப்பு 750 கிராம், சன்ன ரவை 250 கிராம், சர்க்கரை 350 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், சமையல் எண்ணெய் 1 லிட்டர், நெய் 75 கிராம், வெண்ணெய் 100 கிராம், பால் 1 லிட்டர், முந்திரி ஒரு கைப்பிடி. பெரிய சாண்ட்விச் ரொட்டி 2 பாக்கெட் (மொத்தம் 26 துண்டு வேண்டும், வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள்). வெங்காயம் அரை கிலோ, தேங்காய் 1, கிளிமூக்கு மாங்காய் 1, கேரட் 4, எலுமிச்சை 1, கொத்தமல்லி 3 கட்டு, புதினா 1 கட்டு, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. தாளிக்கும் சாமான்கள் வீட்டில் இருக்கும்.

உளுந்து வடை ஏன் இல்லை என்று கேட்கலாம். உளுந்து பொதுவாகக் கடலைப்பருப்பைவிட விலை கூடுதல். அதைவிட முக்கியமான காரணம், பழகாத கைக்கு உளுந்து மாவின் பதம் பிடிபடாது. கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் எண்ணெய் குடித்துவிடும். மசால் வடை மாவு தவறினாலும் திருத்த முடியும்.

முதல் நாள் இரவு

பட்டாணியைக் கழுவி, அதைப்போல் மூன்று மடங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். 8 மணி நேரம் ஊற வேண்டும். மறந்துவிட்டால் காலையில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடி 3 மணி நேரம் வைத்தால் சமாளிக்கலாம். பாலைக் காய்ச்சி உறை ஊற்றுங்கள். நீர்மோருக்குச் சற்றே புளித்த தயிர்தான் ருசி என்பதால் காலையிலும் வெளியிலேயே இருக்கட்டும்.

காலையில் கேசரி

ரவையை நெய்யில் பாதி விட்டு, சிறு தீயில் 6 அல்லது 7 நிமிடம் வாசனை வர வறுத்துத் தட்டில் கொட்டிக்கொள்ளுங்கள். 900 மில்லி தண்ணீரில் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகையும் 3 மேசைக்கரண்டி எண்ணெயும் விட்டுத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். தண்ணீர் சரியாகக் கொதிக்காமலோ, ரவையை ஒரே மூச்சில் கொட்டினாலோதான் கட்டி தட்டும். மூடி 3 நிமிடம் வேகவைத்து, ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்த்து வெந்துவிட்டது என்று உறுதியான பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே சேர்த்தால் ரவை அதற்குமேல் வேகாது, நறநறவென்றே நின்றுவிடும். சர்க்கரை கரைந்ததும் இளகும், மீண்டும் சேர்ந்து வரும். மீதி நெய்யில் முந்திரியை வறுத்துச் சேர்த்து, ஓரத்தில் ஒட்டாமல் சுருளும்போது இறக்குங்கள்.

25 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் நெய் தடவிப் பரப்பி, ஆறியதும் நீளத்தில் 5, அகலத்தில் 5 என்று கோடு போட்டால் சரியாக 25 வில்லை. கரண்டியால் அள்ளி வைத்தால் முதல் பத்துப் பேருக்கே பாதி காலியாகிவிடும். வட்டத் தட்டாக இருந்தால் ஓரங்களில் உடைசல் விழும், அவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

பச்சை சட்னியும் சாண்ட்விச்சும்

கொத்தமல்லி 2 கட்டு, புதினா பாதிக் கட்டு, பச்சை மிளகாய் 6, இஞ்சி ஒரு துண்டு, பொட்டுக்கடலை 100 கிராம், உப்பு, எலுமிச்சைச் சாறு. முதலில் பொட்டுக்கடலையைத் தனியாகப் பொடித்து, பிறகு மற்றவற்றைப் போட்டு, குளிர்ந்த தண்ணீர் இரண்டு மூன்று கரண்டி மட்டும் விட்டு அரையுங்கள். மிக்ஸி சூடேறினால் பச்சை நிறம் கருத்துவிடும், அதற்குத்தான் குளிர்ந்த தண்ணீர். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். இளகிவிட்டால் இன்னும் கொஞ்சம் பொட்டுக்கடலைப் பொடி சேருங்கள்.

ரொட்டித் துண்டுகளின் உள்பக்கம் முழுவதும் இளகிய வெண்ணெயை மெல்லிதாகத் தடவுங்கள். இது ருசிக்கு மட்டும் இல்லை. சட்னியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் வெண்ணெய்தான் தடுக்கிறது. அதன் மேல் சட்னி, துருவிய கேரட் 3, மேலே மற்றொரு துண்டு. வெள்ளரிக்காய், தக்காளி வேண்டாம். நேரம் ஆக ஆகத் தண்ணீர் விட்டு ரொட்டியை நசநசவென்று ஆக்கிவிடும். 13 சாண்ட்விச்சையும் அடுக்கி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் மூடி வைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் மூலைக்கு மூலை இரண்டு கோடாக நான்காக வெட்டினால் 52 முக்கோணம் கிடைக்கும். ஓரங்களை வெட்டி எறிய வேண்டாம், அதுவும் காசுதான்.

பட்டாணி சுண்டல்

ஊறிய பட்டாணி இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருக்கும். 5 லிட்டர் குக்கரில் இரண்டு ஈடாக வேகவையுங்கள். பயறு வகைகளைக் குக்கரின் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரை பொங்கி வெயிட்டை அடைத்துக்கொள்ளும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். பட்டாணி மூழ்கத் தண்ணீர், மஞ்சள்தூள், மொத்த அளவுக்கு 4 தேக்கரண்டி உப்பு. மிதமான தீயில் முதல் ஈட்டை 2 விசிலில் நிறுத்திப் பாருங்கள். விரலால் அழுத்தினால் நசுங்கவும் வேண்டும், உருவமும் கலையக் கூடாது. போதவில்லை என்றால் இன்னும் ஒரு விசில். ஆவி அடங்கியதும் உடனே வடிகட்டிவிட வேண்டும். வெந்நீரிலேயே கிடந்தால் வேகல் தொடர்ந்து குழைந்துவிடும். வடித்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வையுங்கள்.

எவ்வளவு வேகவைத்தாலும் கல்லாகவே நிற்கிறதா? பட்டாணி பழசாக இருக்கும், அல்லது தண்ணீர் கடினமாக இருக்கும். கிலோவுக்குக் கால் தேக்கரண்டி ஆப்பசோடா போட்டு வேகவைத்தால் மசியும். அதற்குமேல் போட்டால் சோப்பு வாடை வரும்.

4 மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் 5, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 6, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துப் பட்டாணியைப் புரட்டுங்கள். மாங்காய்ப் பல், துருவிய கேரட், அரை மூடிக்குச் சற்றுக் கூடுதலான தேங்காய்த் துருவல் மூன்றையும் பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் கலக்க வேண்டும். சூட்டோடு தேங்காய் கலந்து மூடி வைத்தால் சீக்கிரம் ஊசிப்போகும். மாங்காயை வேகும்போதே சேர்த்தால் அதன் புளிப்பால் பட்டாணி வேகாது.

மசால் வடை: கவனம் எல்லாம் இங்கேதான்

750 கிராம் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் போதும். அதற்குமேல் ஊறினால் பருப்பு நீர் கோத்துக்கொள்ளும், வடை மொறுமொறுப்பு இழக்கும். ஊறியதும் ஓட்டைத் தட்டில் கொட்டிக் கால் மணி நேரம் வடியவிடுங்கள். ஒரு கைப்பிடி முழுப் பருப்பைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சிறு சிறு ஈடாக, துளியும் தண்ணீர் விடாமல், மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக அரையுங்கள். முதல் ஈட்டிலேயே காய்ந்த மிளகாய் 8, சோம்பு 2 தேக்கரண்டி, இஞ்சி 2 அங்குலம், பூண்டு 6 பல் சேர்த்துவிடுங்கள்.

பொடியாக நறுக்கிய வெங்காயம் 300 கிராம், கறிவேப்பிலை, மீதிக் கொத்தமல்லி, புதினா, உப்பு 3 தேக்கரண்டி ஆகியவற்றை எண்ணெய் காயும்போதுதான் சேர்க்க வேண்டும். உப்பு பட்டதும் வெங்காயம் தண்ணீர் விட ஆரம்பிக்கும், அரை மணி நேரத்தில் மாவு தளர்ந்துவிடும். ஆகவே மாவை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி முடியும்போது மறு பாதிக்கு வெங்காயமும் உப்பும் கலப்பது நல்லது.

வடை ஒன்றுக்கு 35 கிராம் மாவு. முதல் உருண்டையை எடை போட்டுப் பாருங்கள், சிறிய எலுமிச்சை அளவு இருக்கும். கை அதன்பின் அளவைப் பிடித்துக்கொள்ளும். இந்த மாவில் 50 வடை வரும். கண்ணளவில் தட்டினால் 40-லேயே முடிந்துவிடும். நடுவில் ஒரு சென்டிமீட்டர் கனம், ஓரம் மெல்லிசு.

குழிந்த சிறிய வாணலியில் முக்கால் லிட்டர் எண்ணெய் போதும். அகன்ற வாணலிக்கு இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். ஒரு கிள்ளு மாவைப் போட்டால் அடியில் சற்று நின்று பிறகு சீராக மேலே வர வேண்டும். போட்டவுடன் பாய்ந்து வந்து சிவந்தால் காய்ச்சல் அதிகம், வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். அடியிலேயே படுத்துக்கிடந்தால் காயவில்லை, வடை எண்ணெயைக் குடிக்கும். ஒரு ஈட்டுக்கு ஆறுக்கு மேல் போடாதீர்கள், எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

எண்ணெயில் வடை பிரிந்து உதிர்ந்தால் மாவு மிகவும் கொரகொரப்பாக இருக்கிறது என்று பொருள். ஒரு கைப்பிடி மாவை எடுத்து நைசாக அரைத்துக் கலந்தால் பிடித்துக்கொள்ளும். தளர்ந்த மாவுக்கு ஒன்றிரண்டு கரண்டி அரிசி மாவு போதும். கூடினால் வடை கடக்கென்று ஆகிவிடும்.

விருந்தினர் வரும் நேரத்தில் அடுப்படியில் 40 நிமிடம் நிற்க வேண்டாம் என்றால், 3.30 மணிக்கே எல்லா வடையையும் 3 நிமிடம் வேகவைத்து, நிறம் ஏறும் முன் எடுத்துப் பரப்பி வையுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் நன்றாகக் காய்ந்த எண்ணெயில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் இப்போதுதான் சுட்டது போல் இருக்கும். இந்த முறையில் ஒரு ஈட்டுக்கு எட்டு வரை போடலாம்.

சுட்ட வடையை ஹாட்பேக்கில் போட்டு மூடினால் ஆவியில் தளர்ந்துவிடும். ஓட்டைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். செய்தித்தாளில் எண்ணெய் வடிய விடாதீர்கள். அச்சு மை சூடான எண்ணெயோடு உணவில் கலக்கும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதைச் செய்யக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது.

நீர்மோரும் பரிமாறலும்

தயிரைக் கடைந்து 3 லிட்டர் தண்ணீர் சேருங்கள். இஞ்சி, பச்சை மிளகாய் 3, கறிவேப்பிலை, கொத்தமல்லிக் காம்பு இவற்றை நசுக்கிப் போட்டு, பெருங்காயம், உப்பு சேர்த்து அரை மணி நேரம் கழித்து வடிகட்டினால் 25 பேருக்கு ஆளுக்கு 150 மில்லி வரும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தட்டு, தம்ளர்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் அதில் அடக்கம். சுண்டலுக்குத் தொன்னை வாங்குங்கள், மோருக்கு வீட்டு எவர்சில்வர் தம்ளர். போதாததைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டால் ஒரு செலவு மிச்சம். ஒவ்வொரு தட்டிலும் நீங்களே அளந்து வைத்துக் கொடுங்கள். மேசையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னால் முன்னால் வந்தவர்கள் வடையை எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் வருபவருக்குச் சாண்ட்விச் மட்டும்தான் இருக்கும். இரண்டாம் முறை கேட்பவர்களுக்குச் சுண்டலைத் தாராளமாகப் போடலாம், அதற்காகத்தான் ஒரு கிலோ சொன்னோம்.

மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து வடிகட்டி இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்குச் செலவழியுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம். தேங்காய் கலந்த சுண்டல் மிஞ்சினால் அன்று இரவே தீர்த்துவிட வேண்டும். வடை மிஞ்சினால் கவலையே இல்லை. ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை உதிர்த்துப் போட்டு வடகறி செய்து இட்லிக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.