உடுக்கை பின் ஏமாற்றும்போது: பாதுகாப்பு பின் உள்ள பூட்டைச் சாவியின்றித் திறந்து பழகுவது

சிங்கப்பூரின் சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கே ஒருவர் தரையில் துணி விரித்து, சாவி தொலைந்த பூட்டுகளைக் குவித்து வைத்திருந்தார். உள்ளங்கை அளவு பித்தளைப் பூட்டு ஒன்றை இரண்டு வெள்ளிக்கு வாங்கினேன். "சாவியே இல்லாத பூட்டை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா?" என்றார் அம்மா. அதற்குள் நான் நான்கைந்து சாதாரணப் பூட்டுகளைக் கம்பியால் திறந்திருந்த திமிரில் இருந்தேன். இதுவும் அரை மணி வேலை என்று நினைத்தேன்.

மூன்று மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் பூட்டு கொஞ்சம் திரும்பும், திறந்துவிட்டது என்று மனம் குதிக்கும், அப்படியே நின்றுவிடும். துரு என்று நினைத்து எண்ணெய் விட்டேன். துரு இல்லை. உள்ளே இருந்தது, என்னைப் போன்றவர்களை ஏமாற்றவென்றே கடைந்து வைத்த பின்கள், அதாவது சின்னச் சின்ன உலோகத் துண்டுகள். இவற்றைத்தான் பாதுகாப்பு பின் என்கிறேன். அவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இரண்டு விதி

உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் சொல்லும் விதிகள் இவை: உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதீர்கள், சொந்தப் பூட்டே ஆனாலும் பயன்பாட்டில் இருப்பதைத் தொடாதீர்கள்.

முதல் விதிக்கு விளக்கம் தேவையில்லை. சிங்கப்பூரில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு புகுந்து திருடப் பயன்படும் கருவிகளைத் தகுந்த காரணமில்லாமல் வைத்திருந்தால் இங்கே வழக்கு வரலாம். "பொழுதுபோக்குங்க" என்று இரவு பதினோரு மணிக்கு எம்ஆர்டி நிலையத்தில் பையைத் திறந்து காட்டி விளக்கும் நிலை வேண்டாம். கருவிகள் வீட்டு இழுப்பறையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது விதியை நான் மீறிப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு இரும்புக் கதவின் சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் பூட்டுப் பகுதியை, உள்ளே உட்கார்ந்து நோண்டினேன். திறந்தது, மகிழ்ச்சியில் அரைச் சுற்று சுற்றினேன், நடுவில் சிக்கிக்கொண்டது. சாவியும் நுழையவில்லை. நான் உள்ளே, தேக்கா சந்தையில் மீன் வாங்கி வந்த அம்மா வெளியே தாழ்வாரத்தில். பூட்டுக்காரர் வந்து இரண்டே நிமிடத்தில் சரிசெய்தார். என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜூரோங் பக்கம் தொழிற்சாலையிலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பழுது பார்க்கும்போது யாரும் இயக்கிவிடாதபடி சுவிட்சிலும் வால்விலும் மாட்டும் சிவப்புப் பூட்டுகள் நல்ல பயிற்சிப் பூட்டுகள்தான். அமெரிக்கன் லாக் நிறுவனத்தின் 1100 வகை அவற்றில் பேர்பெற்றது. ஆசை வந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேலையிடத்தில் மாட்டியிருக்கும் பூட்டு, இயந்திரத்துக்குள் கைவிட்டு வேலை பார்க்கும் ஓர் ஆளின் உயிர்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது

சாவியோடு சேர்ந்து சுற்றும் உருளைக்கு பிளக் என்று பெயர். அதைச் சுற்றி அசையாத உடல். இரண்டிலும் நேர்க்கோட்டில் ஐந்தோ ஆறோ துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே சாவியைத் தொடும் சாவி பின், அதன் மேல் டிரைவர் பின், அதற்கும் மேல் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது டிரைவர் பின் பாதி பிளக்கிலும் பாதி உடலிலுமாகக் குறுக்கே நிற்கும், பிளக் சுற்றாது. சரியான சாவி நுழைந்தால் எல்லா டிரைவர்களும் பிளக்கின் விளிம்புக்கு மேலே போய்விடும். அந்த விளிம்பை நான் வெட்டுக்கோடு என்று எழுதுகிறேன். ஐரோப்பிய மாதிரிச் சிலிண்டரில் இதெல்லாம் தலைகீழாக, பின்கள் கீழ்ப்பக்கம் இருக்கும். பூட்டைத் திருப்பிப் பிடித்தால் இரண்டும் ஒன்றுதான்.

இந்த அமைப்புக்கு அமெரிக்காவின் லைனஸ் யேல் 1848இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பார்க்கும் தட்டைச் சாவி வடிவத்தை 1860களில் கொண்டுவந்தவர் அதே பெயருடைய அவர் மகன். நம் ஊர்ப் பெருமையான திண்டுக்கல் பூட்டின் கதை வேறு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டுக்குள் பின் கிடையாது, நெம்புகோல் தகடுகள்தான். தாத்தா வீட்டு மாங்காய்ப் பூட்டை எடுத்துவைத்துக்கொண்டு இந்தப் பதிவைப் படித்தால் பயனில்லை.

சாவி இல்லாமல் எப்படித் திறக்கிறது? எந்தத் தொழிற்சாலையாலும் எல்லாத் துளைகளையும் மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் போட முடியாது. அதனால் பிளக்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் எல்லா பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதை மெல்லத் தூக்கினால், டிரைவர் வெட்டுக்கோட்டைத் தாண்டும் நொடியில் பிளக் இம்மியளவு திரும்பி, அந்த டிரைவரைக் கீழே இறங்கவிடாமல் தாங்கிக்கொள்ளும். அப்புறம் அடுத்தது இறுகும். வித்தை அவ்வளவுதான்.

கருவியும் பூட்டும்

இரண்டே கருவி போதும். ஒன்று, சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள சிறிய கொக்கி. இன்னொன்று, பிளக்கைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் ரெஞ்ச். காரின் பழைய வைப்பர் ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை இதற்கு அருமையாகப் பொருந்தும். இடுக்கியால் முனையை மடித்தால் ஆயிற்று. இருபது முப்பது உருப்படி கொண்ட செட்டை வாங்காதீர்கள். அவற்றில் இருபத்தைந்தை நீங்கள் ஒருநாளும் தொடமாட்டீர்கள்.

கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பூட்டுகள் புரிந்துகொள்ள உதவும், பழக உதவாது. கண் பார்த்துக்கொண்டே இருந்தால் விரல் சோம்பேறி ஆகிவிடும். ஜாலான் புசார் பக்கம் ஏதாவது ஹார்ட்வேர் கடையில் விலை குறைந்த பித்தளைப் பூட்டு ஒன்றும், பிரித்து மாட்டக்கூடிய சிலிண்டர் ஒன்றும் வாங்குங்கள்.

சாதாரண பின்னில் விரலைப் பழக்குங்கள்

ரெஞ்சைச் சாவித்துளையின் விளிம்பில் செருகி ஒரு விரலால் அழுத்துங்கள். எவ்வளவு? பொரித்த அப்பளத்தின் மேல் விரலை வைத்து, அது உடையாத அளவுக்கு. தொடக்கத்தில் எல்லோரும் இதைவிடப் பத்து மடங்கு அழுத்துகிறார்கள்; நானும் அப்படித்தான்.

கொக்கியை உள்ளே விட்டு ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். மெத்தென்று ஸ்பிரிங் போலத் துள்ளினால் அது இன்னும் இறுகவில்லை. கல் போல நின்றால் அதுதான் இறுகியது, அதைத் தூக்குங்கள். சின்னதாக 'டிக்' என்று கேட்கும், ரெஞ்சில் ஓர் அசைவு வரும். இப்போது அந்தச் சாவி பின் ஸ்பிரிங் அழுத்தமில்லாமல் லொடலொடவென்று ஆடும். அளவுக்கு மீறித் தூக்கினால் சாவி பின்னே கோட்டில் மாட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் ரெஞ்சை மெதுவாகத் தளர்த்தி, பின்கள் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டே மறுபடி தொடங்குங்கள். துள்ளல், இறுக்கம், லொடலொடப்பு ஆகிய மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல வரும் வரை அடுத்த பகுதிக்குப் போகவேண்டாம்.

உடுக்கை பின்

டிரைவர் பின்னின் இடுப்பைக் கடைந்து ஒடுக்கியிருப்பார்கள். ஆங்கிலத்தில் ஸ்பூல், அதாவது நூல் சுற்றும் கட்டை. எனக்குப் பார்த்தவுடன் உடுக்கைதான் நினைவுக்கு வந்தது, அதையே பெயராக வைத்துக்கொண்டேன்.

இதைத் தூக்கும்போது ஒடுங்கிய இடுப்பு வெட்டுக்கோட்டுக்கு வந்ததும் பக்கத்தில் காலியிடம் கிடைக்கிறது. பிளக் அந்த இடத்துக்குள் சட்டென்று திரும்புகிறது. சாதாரண பின்னுக்குக் கிடைக்கும் இம்மியளவு அசைவு இல்லை, கண்ணால் பார்க்கும் அளவுக்குச் சில பாகை. இது பொய்த் திருப்பம். உடுக்கையின் கீழ்த்தட்டு இன்னும் பிளக்குக்குள்தான் மாட்டியிருக்கிறது. சுங்கை ரோட்டுப் பூட்டு மூன்று மாதம் எனக்குக் காட்டியது இதைத்தான். நானோ இன்னும் அழுத்தினால் திறந்துவிடும் என்று நம்பி, இரண்டு ரெஞ்சை வளைத்ததுதான் மிச்சம்.

செய்யவேண்டியது நேர் எதிர். பொய்த் திருப்பம் வந்தால் முதலில் சந்தோஷப்படுங்கள். சாதாரண பின்களில் பல ஏற்கெனவே அமர்ந்துவிட்டன என்று பொருள். ரெஞ்சில் இருக்கும் விரலை அப்படியே வைத்துக்கொண்டு, கொக்கியால் ஒவ்வொரு பின்னையும் மிக மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஏதோ ஒரு பின்னை அழுத்தும்போது ரெஞ்ச் உங்கள் விரலை எதிர்த்துப் பின்னோக்கித் தள்ளும். உடுக்கையின் கீழ்த்தட்டு மேலே வரும்போது பிளக்கைத் திரும்பிய திசைக்கு எதிராகத் திருகுகிறது, அதுதான் காரணம். அந்தத் தள்ளல்தான் உடுக்கையின் முகவரி.

இப்போது கொக்கியை எடுக்காமல் தூக்கிக்கொண்டே இருங்கள். ரெஞ்சு விரலை, பிளக் பின்வாங்கும் வேகத்திலேயே, தளர்த்துங்கள். முழுக்க விட்டால் எல்லா பின்களும் கொட்டிவிடும். விடாமல் பிடித்தால் உடுக்கை நகராது. பட்டம் விடும்போது காற்று இழுக்கும் இழுப்புக்கு நூல் கொடுப்போமே, அந்த அளவு. கீழ்த்தட்டு கோட்டைத் தாண்டியதும் 'டக்' என்று கனத்த சத்தம் கேட்கும், பிளக் மறுபடி முன்னோக்கி வரும்.

முன்னோக்கி வந்து மீண்டும் பொய்த் திருப்பத்திலேயே நின்றால் இன்னோர் உடுக்கை இருக்கிறது. பொய்த் திருப்பமே காணாமல் போய்த் தொடக்க நிலைக்கு வந்துவிட்டால், தளர்த்தியபோது அமர்ந்திருந்த பின் ஏதோ ஒன்று கீழே விழுந்துவிட்டது. பதறவேண்டாம், இது எல்லோருக்கும் நடக்கும். விழுந்ததைத் தேடி மறுபடி தூக்குங்கள், உடுக்கையைப் பெரும்பாலும் திரும்பத் தொடவேண்டியிருக்காது.

என் முதல் உடுக்கைக்கு மூன்று மாதம் ஆனதைச் சொல்லிவிட்டேன். லண்டனில் பிராமா நிறுவனம் ஒரு பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று சவால் விட்டுக் கடைச் சன்னலில் 1790 முதல் வைத்திருந்தது. 1851இல் ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தபோது 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. அது பின் பூட்டே இல்லை, வேறு வகை. ஆனாலும் நாலு நாளில் சலித்துக்கொள்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைச் சொல்வது வழக்கம்.

காளானும் வளையலும்

காளான் வடிவ பின்னும் உண்டு. அதன் நடத்தை உடுக்கைக்குப் பங்காளி, அதே வைத்தியம்.

உடலெங்கும் வளையல் அடுக்கியதுபோல வரிவரியாக வெட்டிய பின் வேறு ரகம். அது பெரிதாகத் திரும்பி ஏமாற்றாது. ஒவ்வொரு வரியும் கோட்டைத் தொடும்போது ஒரு 'டிக்' கொடுக்கும். அமர்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பின்னுக்குப் போய்விடுவீர்கள். சத்தத்தை நம்பாமல் சாவி பின் லொடலொடவென்று ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடாவிட்டால் இன்னும் ஒரு வரி, ஒரே ஒரு வரி தூக்குங்கள். அழுத்தம் அப்பளத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். அமெரிக்கன் லாக் 1100இல் சாவி பின்னிலும் இந்த வரிகள் இருக்கும், ஆகவே அது முதல் பூட்டாக வேண்டாம்.

ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்

உடுக்கையைச் சீக்கிரம் பிடிபட வைக்கும் வழி, சிலிண்டரைப் பிரித்து நீங்களே பின் போடுவது. பிளக்கின் பின்பக்கம் உள்ள கிளிப்பைக் கழற்றி, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, பிளக்கை வெளியே இழுக்கும்போதே அதே தடிப்புள்ள மரக்குச்சியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வரவேண்டும். பிளக் பொதுவாக 13 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். குச்சிக்கும் பிளக்குக்கும் இடையே இடைவெளி விட்டால் டிரைவர்களும் ஸ்பிரிங்குகளும் கொட்டி, சோபாவுக்கு அடியில் போய்விடும்.

கழற்றிய பின்களை வரிசை மாறாமல் வைக்க ஐஸ்கட்டித் தட்டு நல்லது. நான் முதலில் இட்லித் தட்டை எடுத்தேன். துளை வழியாக ஒரு ஸ்பிரிங் போனது.

முதலில் இரண்டே இரண்டு சாதாரண பின் போட்டுத் திறவுங்கள். பிறகு ஒன்று சாதாரணம், ஒன்று உடுக்கை. பொய்த் திருப்பம் எப்படி இருக்கும் என்பது இந்த அமைப்பில்தான் தெளிவாகத் தெரியும்; ஒரு வாரம் இதிலேயே இருங்கள். பிறகு மூன்று, நான்கு என்று கூட்டுங்கள். முதல் வாரமே ஐந்திலும் உடுக்கை போட்டால் எது திருகுகிறது என்று கைக்குத் தெரியாது.

திறந்த பிறகு

பூட்டு திறந்ததும் பிளக்கை அரைச் சுற்று வரை ஓட்டாதீர்கள். அந்த நிலையில் சாவித்துளையின் திறந்த அடிப்பக்கம் டிரைவர்களுக்கு நேராக வருகிறது; துளை அகலமாக இருந்தால் அவை உள்ளே இறங்கிவிடும். எங்கள் வீட்டுக் கதவில் நடந்தது அதுதான். பூட்டுக்காரர் மெல்லிய தகடு ஒன்றைச் சாவித்துளையின் நீளத்துக்கு நுழைத்து, இறங்கிய டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவற்றின் துளைக்குள் தள்ளிப் பிடித்தபடி பிளக்கைக் கொஞ்சம் திருப்பினார். அவ்வளவுதான். வைப்பர் பட்டையில் இன்னொரு துண்டை மடிக்காமல் நேராக வெட்டி, கொக்கியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.