கம்பம் நடுவதற்கு முன்: கடற்கரையில் சமுதாய வானொலி

தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கம் சமுதாய வானொலி தொடங்குபவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது, அது யாருடையது என்பதை. தனிநபருக்கும் கட்சிக்கும் உரிமம் கிடையாது. தொண்டு அமைப்பென்றால் பதிவாகி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

உக்ரைனின் யுஎம்ஹெச் ஊடகக் குழுமம் இதற்குப் பாடம். போரிஸ் லோஷ்கின் பத்திரிகை, வானொலி, இணையதளம் என வளர்த்ததை 2013-ல் அன்றைய ஆட்சிக்கு நெருக்கமான தொழிலதிபர் செர்ஹி குர்ச்சென்கோ வாங்கினார். அதே ஆண்டே குழுமத்தின் இதழான ஃபோர்ப்ஸ் உக்ரைனில் தணிக்கைப் புகார் கிளம்பி, செய்தியாளர்கள் விலகினார்கள். 2014-ல் ஆட்சி கவிழ்ந்ததும் குர்ச்சென்கோ நாட்டைவிட்டு ஓடினார்; சொத்துகள் வழக்கில் முடங்கின. பணம் ஒரே கையில் இருந்தால் இப்படித்தான்.

ஆகவே துணைவிதியில் எழுதிவையுங்கள்: எந்த நன்கொடையாளரும் ஆண்டுச் செலவில் கால் பங்குக்கு மேல் தரக்கூடாது, காசோலைக்கு இரண்டு கையெழுத்து, நிகழ்ச்சியை நிறுத்த குழுத் தீர்மானம் வேண்டும். படகு உரிமையாளரோ ஏல வியாபாரியோ, பெரிய விளம்பரதாரர் யாரானாலும் அந்தக் குழுவில் வேண்டாம்.

அடுத்தது உப்புக்காற்று. ஆன்டெனா இணைப்பியில் பச்சை பூத்தால் சக்தி திரும்பி வரும், டிரான்ஸ்மிட்டர் தானே குறைத்துக்கொள்ளும். தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, பாதி அகலம் மேலேறும்படி, ஓடு வேய்வதுபோல் சுற்றுங்கள். அதன்மேல் பிவிசி டேப். கேபிள் அறைக்குள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். சக்தி எந்த அளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவு 1.5-ஐத் தாண்டினால் முதலில் இணைப்பியைத்தான் பிரிக்க வேண்டும். இதெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்பே முடியட்டும்.