உங்கள் தெருவில் ஆறு வீடு வரலாமா? ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இதையெல்லாம் சொல்லித்தர ஸ்காபரோவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எழுத வந்தது வேறு. ஒரு காணியில் எத்தனை வீடு கட்டலாம் என்று இந்த ஊர் சில வருடங்களாகவே சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் நாளைக்கு எங்கே, எவ்வளவு வாடகைக்கு இருப்பீர்கள் என்பது அந்தச் சண்டையில்தான் தங்கியிருக்கிறது. ஆனால் அதைப் பற்றிய பொதுக்கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தால் வாடகைக்கு இருப்பவர்கள் அங்கே மிகக் குறைவு.

1998இல் ரொறன்ரோவோடு இணையும் வரை ஸ்காபரோ தனி நகரம். அதன் உள்தெருக்கள் காரை நம்பிக் கட்டப்பட்டவை: அகலமான காணி, நடுவில் ஒரு வீடு, முன்னுக்கு டிரைவ்வே. மாடிக் கட்டடங்கள் பெரிய வீதிகளோடு நின்றுவிடும். வீட்டுத் தட்டுப்பாடு முற்றியபோது, 2022 நவம்பரில் ஒன்ராறியோ அரசு 23ஆம் சட்டமூலத்தின் வழியாகப் பெரும்பாலான நகரக் குடியிருப்புக் காணிகளில், ஒரு காணிக்குத் தனித்தனிக் குடியிருப்பாக மூன்று வீட்டுக்கு இடம் கொடுத்தது. 2023 மே மாதத்தில் ரொறன்ரோ மாநகரசபை அதை நான்காக்கியது. 2025 ஜூனில் ஆறு வீடு பற்றிப் பேச்சு வந்தபோது சபை பாதி வழியில் நின்றுவிட்டது. பழைய ரொறன்ரோ, ஈஸ்ட் யோர்க் பக்கத்து எட்டு வட்டாரங்களுக்கும் (வார்ட்), ஸ்காபரோ வடக்கு என்கிற 23ஆம் வட்டாரத்துக்கும் மட்டும் ஆறு. மற்றவை விரும்பினால் பிறகு சேரலாம் என்று முடிவானது. ஸ்காபரோவின் ஆறு வட்டாரங்களில் ஒன்றுக்குத்தான் அன்று கதவு திறந்தது.

எதற்குக் கூட்டம் நடக்கும், எதற்கு நடக்காது என்பதைத் தெரிந்துவைத்தால் அலைச்சல் மிச்சம். விதிக்குள் அடங்கிய நான்கு வீட்டுக் கட்டடம் என்றால் யாரையும் கேட்கத் தேவையில்லை, கட்டட அனுமதி எடுத்தால் போதும். உயரம் போன்றவற்றில் சற்றே விதியை மீறினால், பொதுவாகச் சிறு விதிவிலக்குகளைத் தீர்மானிக்கும் கமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் முன்னால் போக வேண்டும். பங்களாவை இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் எழுப்ப, நிலப் பயன்பாட்டு விதியையே மாற்ற வேண்டுமென்றால் பொதுக்கூட்டம் கட்டாயம். கமிட்டிக்குப் போகும் விண்ணப்பத்துக்கு 60 மீட்டருக்குள்ளும் விதி மாற்றத்துக்கு 120 மீட்டருக்குள்ளும் உள்ளவர்களுக்கு அறிவித்தல் போகும். ஆனால் அந்தக் கடிதம் பொதுவாக வீட்டுச் சொந்தக்காரரின் பெயருக்குத்தான் வரும். பேஸ்மென்டில் இருக்கும் உங்களுக்கு வராமல் போகலாம். ஆகவே பஸ்ஸுக்கு நடக்கும்போது புல்தரையில் நடப்பட்டிருக்கும் அறிவித்தல் பலகையை நின்று வாசியுங்கள். விண்ணப்ப இலக்கம் அதில் இருக்கும். அதை மாநகரசபையின் இணையத்தளத்தில் போட்டால் வரைபடம் முதற்கொண்டு எல்லாம் வரும்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்திலோ, நூலக அறையிலோ, ஸூமிலோ நடக்கும். மாநகரசபையின் திட்ட அதிகாரி, கட்டப்போகிறவரின் ஆலோசகர், அநேகமாக வட்டார உறுப்பினர். நிழல் எந்த மணிக்கு எந்த வீட்டில் விழும் என்று காட்டும் படம் ஒன்று திரையில் ஓடும். ஆலோசகர் அதை விளக்கி முடிக்குமுன்னே பின்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிடும்: "கார் எல்லாம் எங்கே விடுறது?" 2021 டிசம்பரிலேயே பெரும்பாலான புதுக் கட்டடங்களுக்குக் கட்டாயப் பார்க்கிங் எண்ணிக்கையை மாநகரசபை எடுத்துவிட்டது. அதிகாரி அதைச் சொன்னதும் மண்டபம் இன்னும் சூடாகும்.

எழுந்து பேசுகிறவர்களில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள். எண்பதுகளில், தொண்ணூறுகளில் வந்து, பேஸ்மென்டில் நாலு குடும்பமாக இருந்து, இரண்டு வேலை செய்து வீடு வாங்கியவர்கள். இன்று அவர்களில் சிலர் "இந்தத் தெருவுக்கு இனி ஆள் தாங்காது" என்கிறார்கள். எனக்கு அது உறுத்தும், மறைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் சொல்வதில் வெறும் வெறுப்பு மட்டுமில்லை. கடும் மழையில் நிலக்கீழ் அறைக்குள் கழிவுநீர் ஏறிய வீட்டுக்காரர் குழாயைப் பற்றிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதிகாரிகள் தரப்பு என்னவென்றால், குழாயும் பஸ்ஸும் பள்ளியும் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் ஆட்களைச் சேர்ப்பது, வெறும் வயலில் புது ஊர் கட்டுவதைவிட மலிவு. எனக்கு இரண்டாவது பக்கம்தான் சரியாகப் படுகிறது.

சரி, வாடகைக்கு வருவோம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முறையாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு மாகாணத்தின் வாடகை உயர்வு வரம்பு பொதுவாகப் பொருந்தாது. அந்த வரம்பு 2025இல் 2.5 சதவீதம், 2026இல் 2.1. புதுக் கொண்டோவும், புதிதாக எழும் நான்கு வீட்டுக் கட்டடமும் இந்த விலக்குக்குள் விழும். பளபளப்பைப் பார்த்து மயங்காமல், வீட்டுக்காரர் அடுத்த வருடம் எவ்வளவு கூட்டுவார் என்று முதலிலேயே கேளுங்கள். அறை அறையாக விடும் வீடுகள் ஸ்காபரோவில் 2024 மார்ச் 31இலிருந்துதான் சட்டபூர்வம். நாலு அறை அல்லது அதற்கு மேல் தனித்தனியாக வாடகைக்கு விட்டால் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத இடத்தில் தீயணைப்பு வசதியைச் சோதித்தவரும் இருக்கமாட்டார்.

வீட்டுக்காரர் இடித்துக் கட்டப்போகிறேன் என்றால் வாய்ச்சொல்லோ வாட்ஸ்அப் செய்தியோ செல்லாது. என்13 என்ற படிவம், 120 நாள் அவகாசம், ஐந்து வீட்டுக்குக் குறைந்த கட்டடமானால் ஒரு மாத வாடகை இழப்பீடு. நீங்கள் வெளியேற மறுத்தால், வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் மாகாணத் தீர்ப்பாயமான லான்ட்லோர்ட் அன்ட் டெனன்ட் போர்ட் உத்தரவு போடாமல் அவர் பூட்டை மாற்ற முடியாது. வீட்டுக்காரர் உங்கள் உறவுக்காரராக இருந்தாலும் இதே சட்டம்தான், சங்கடப்பட்டு அவசரமாகச் சாமான் கட்டாதீர்கள்.

2022க்குப் பிறகு கமிட்டி கொடுக்கும் சிறு விதிவிலக்குகளையும், 2024க்குப் பிறகு நிலப் பயன்பாட்டு மாற்றங்களையும் எதிர்த்து அயலவர்கள் மேன்முறையீடு செய்ய முடியாது. அதனால் சண்டையெல்லாம் கூட்டத்திலும் சபைக் குழுக்களிலும்தான். அங்கே பேசக் குடியுரிமை கேட்கமாட்டார்கள். வேலை அனுமதியில் இருப்பவரும் மாணவரும் பேசலாம். வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். ஸ்காபரோ வட்டார உறுப்பினர்கள் கூடும் ஸ்காபரோ சமூக சபை போன்ற குழுக்களில் ஆளுக்கு அதிகபட்சம் ஐந்து நிமிடம், முன்கூட்டியே பெயர் கொடுப்பது நல்லது. எழுதியும் அனுப்பலாம், ஆனால் உங்கள் பெயரும் கடிதமும் பொதுப் பதிவில் ஏறும். வீட்டுக்காரரோடு ஏற்கெனவே இழுபறி இருந்தால் அதை யோசித்து, பொதுவான விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.