மெத்திலேற்றமும் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய தவறான புரிதல்கள்

புற்றுநோயில் மரபணு முடக்கம் பற்றிப் படிக்கத் தொடங்கும் பலரும் சீக்கிரமே ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்: மெத்திலேற்றம் கூடினால் மரபணு முடங்கும், மரபணு முடங்கினால் புற்றுநோய் வரும். இது பாதிதான் சரி. பெரும்பாலான தவறுகள் இதை அப்படியே எல்லா இடத்திலும் பொருத்திப் பார்ப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலில் நடப்பது என்னவென்று பார்த்துவிடலாம். டி.என்.ஏ.வில் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில், அந்தச் சைட்டோசின்மீது சின்னதாக ஒரு மெத்தில் தொகுதி ஏறிக்கொள்ளும்; இதுதான் மெத்திலேற்றம். எழுத்து வரிசை மாறாது. இப்படிப்பட்ட இடங்கள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளுக்கு சி.பி.ஜி. தீவுகள் என்று பெயர். பல மரபணுக்களின் தொடக்கப் பகுதியான ப்ரோமோட்டரில் இவை இருக்கின்றன; இயல்பான செல்லில் பெரும்பாலும் மெத்தில் இல்லாமலே இருக்கும். புற்றுநோய்ச் செல்லில் அங்கே மெத்தில் குவிந்தால், அந்தப் பகுதி இறுக்கமாகச் சுருண்டு, மரபணுவைப் படிக்கும் புரதங்கள் உள்ளே நுழைய முடியாமல் போகும். கட்டி வளராமல் தடுக்கும் மரபணு இப்படி முடங்கினால் செல்லுக்கு அது இருந்தும் பயனில்லை.

ஆனால், புற்றுநோய்ச் செல்லில் எங்கும் மெத்தில் கூடியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபைன்பெர்க், ஃபோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983-ல் கண்டது இதற்கு நேர்மாறு: பக்கத்து இயல்பான திசுவைவிடப் புற்றுநோய்ச் செல்களின் மரபணுக்களில் மெத்தில் குறைந்திருந்தது. மொத்த அளவு சரியும், சில தீவுகளில் மட்டும் ஏறும். இரண்டும் ஒரே செல்லில் நடக்கும். அதனால் மொத்த மெத்தில் அளவை வைத்து எந்த மரபணு முடங்கியது என்று சொல்லவே முடியாது. ஒரே மரபணுவுக்குள்கூட இடம் முக்கியம். ப்ரோமோட்டரில் ஏறிய மெத்தில் மரபணுவை முடக்கும்; மரபணுவின் உடற்பகுதியில் இருக்கும் மெத்திலோ, நன்றாக இயங்கும் மரபணுக்களில் சாதாரணமாகக் காணப்படுவது.

குடும்பங்களை நேரடியாகப் பாதிப்பது அடுத்த தவறு: முடக்கத்தையும் பிறவிப் பிறழ்வையும் ஒன்றாக எண்ணுவது. பெருங்குடல் புற்றுநோயில் எம்.எல்.எச்.1 என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ. நகலெடுப்பில் விழும் பிழைகளைத் திருத்த இது வேண்டும். திசுவுக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இதன் புரதம் இருக்கும் உட்கருக்கள் பழுப்பாகத் தெரியும். புரதம் இல்லாத கட்டியில் உட்கருக்கள் நீலமாகவே இருக்க, இடையில் கிடக்கும் வெள்ளையணுக்கள் மட்டும் பழுப்பாக இருக்கும். "எம்.எல்.எச்.1 இல்லை" என்று அறிக்கை வந்ததும், இது பரம்பரை நோய், பிள்ளைகளுக்கும் வரும் என்று வீடே கலங்கிப்போகிறது. பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறது. அவற்றில் பெரும்பான்மைக்குக் காரணம், கட்டிக்குள் மட்டும் நடந்த எம்.எல்.எச்.1 மெத்திலேற்றம். பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்குறி, மொத்தப் பெருங்குடல் புற்றுநோய்களில் 3 சதவீத அளவுதான். கட்டியில் ப்ரோமோட்டர் மெத்திலேற்றச் சோதனையும், பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற குறிப்பிட்ட பிறழ்வு இருக்கிறதா என்ற சோதனையும் செய்தால் பெரும்பாலும் தெளிவு கிடைக்கும்: இவற்றில் ஒன்று இருந்தாலே அநேகமாக இது பரம்பரை நோய் அல்ல. தேவைப்பட்டால் அப்புறம் ரத்தத்தில் மரபணுச் சோதனை. இந்த வரிசை முடியும் முன் பிள்ளைகளைப் பற்றி முடிவுக்கு வருவது தேவையில்லாத வேதனை.

ஆய்வுக் கட்டுரை படிப்பவர்கள் வழுக்குவது வேறிடத்தில். கட்டியில் மெத்தில் இருக்கிறது என்பதாலேயே அது கட்டிக்குக் காரணம் ஆகிவிடாது. இப்படி மெத்தில் ஏறும் மரபணுக்களில் பல, அந்தத் திசுவில் முன்பே இயங்காமல் கிடந்தவை. வயது கூடினாலும் சில இடங்களில் மெத்தில் ஏறும். போதாக்குறைக்கு, வெட்டியெடுத்த கட்டித் துண்டில் ரத்தச் செல்களும் இணைப்புத்திசுச் செல்களும் கலந்திருக்கும். அவற்றின் விகிதம் மாறினாலே அளவீடும் மாறும். மெத்திலை நீக்கியதும் மரபணு திரும்ப இயங்கியதா, செல்லின் வளர்ச்சி தணிந்ததா என்று காட்டாத கட்டுரையை நான் காரணத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

புற்றுநோய் உடலில் பரவுவதைப் பற்றிப் பேசும்போது, முடங்கினால் முடங்கியதுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேதரின் என்ற புரதம் குறைந்தால் செல் கழன்று நகர்வது எளிதாகும். அதற்கு மெத்திலேற்றம் ஒரு வழி. ஸ்னெய்ல், ட்விஸ்ட் போன்ற புரதங்கள் அடக்குவது இன்னொரு வழி. புதிய உறுப்பில் குடியேறிய செல்களில் ஈ-கேதரின் பல நேரங்களில் திரும்ப வந்துவிடுகிறது. எனவே, பரவிய கட்டியில் அது இருப்பதை வைத்து முன்பு முடங்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

முடக்கம் எப்போதும் நோயாளிக்குக் கெடுதல் என்பதும் சரியில்லை. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியில் எம்.ஜி.எம்.டி. மரபணு முடங்கியிருந்தால் டெமோசோலோமைடு மருந்து நன்றாக வேலை செய்கிறது. மருந்து உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்யும் புரதம் அங்கே குறைந்திருப்பதுதான் காரணம்.

மெத்திலைக் குறைக்கும் மருந்துகளான அசாசிட்டிடின் 2004-லும் டெசிட்டபின் 2006-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுத்துத் திறப்பதில்லை. செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் கலந்து, மெத்தில் ஏற்றும் நொதியைச் சிக்கவைக்கின்றன. மெத்தில் எங்கும் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப ஏறுகிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மெத்திலுக்கு மூலப்பொருள் தரும் ஃபோலிக் அமில மாத்திரையால் சரிசெய்யலாம் என்று தானாக வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. அந்த மெத்தில் எந்த மரபணுவில் போய் ஏறும் என்று மாத்திரையால் தீர்மானிக்க முடியாது. பிரியும் செல்லுக்கு டி.என்.ஏ. கட்டவும் ஃபோலேட் வேண்டும். புற்றுநோய்ச் செல்லுக்கும் அப்படித்தான். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்கள் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதாக அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் கவனித்தார். அதன் பிறகே ஃபோலேட்டை எதிர்க்கும் அமினோப்டெரின் மருந்தைக் கொடுத்து, தற்காலிகமாகவேனும் நோய் தணிவதை 1948-ல் வெளியிட்டார். அதே வகை மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் தரப்படுகிறது. சிகிச்சையில் இருப்பவர்கள் எந்த வைட்டமின் மாத்திரையானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே எடுக்க வேண்டும்.