போஸ்ட்கிரெஸ் பேட்சைச் சோதித்து ரிவ்யூ எழுதுவது எப்படி

போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாகப் போஸ்ட்கிரெஸ்) என்ற திறமூல டேட்டாபேஸுக்குப் பேட்ச், அதாவது நிரல் மாற்றம், எழுதி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அதை ஓட்டிப் பார்த்துப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. அதனாலேயே நல்ல பேட்ச்கள் மாதக்கணக்கில் வரிசையில் கிடக்கின்றன. நான் டேட்டாபேஸ் அட்மினாக வேலை பார்ப்பவன். அந்த அனுபவமே ரிவ்யூ செய்யப் போதுமானதாக இருந்தது. சி மொழியில் ஆழம் போகாதவர்களும் தயங்காமல் வரலாம்.

ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் மாதங்களில் கமிட்ஃபெஸ்ட் நடக்கும்; வந்த பேட்ச்களைப் பட்டியலிட்டு ரிவ்யூ செய்யும் காலம் அது. பட்டியலில் ‘நீட்ஸ் ரிவ்யூ’ (ரிவ்யூ தேவை) நிலையில் இருக்கும் சிறிய பேட்ச் ஒன்றை எடுங்கள். ஏப்ரலில் புது வசதிகள் சேர்ப்பது நின்றுவிடும் என்பதால் மார்ச்சில் ஒரே நெரிசல். முதல்முறை வருபவருக்கு ஜூலைதான் நல்லது.

எடுத்ததும் நிரலைத் திறக்க வேண்டாம். அந்தப் பேட்ச் குறித்து மடற்குழுவில் வந்த மடல்களை முதலிலிருந்து படியுங்கள். எந்த யோசனை ஏன் கைவிடப்பட்டது என்பது அங்கேதான் இருக்கும். பிறகு பேட்சில் உள்ள ஆவணப் பகுதியை மட்டும் படித்துவிட்டு, அதை வைத்தே அந்த வசதியைப் பயன்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் உங்கள் முதல் குறிப்பு தயார்.

பில்ட் செய்யும்போது (மூல நிரலைத் தொகுக்கும்போது) அசெர்ட்டையும், அதாவது நிரலுக்குள் இருக்கும் சரிபார்ப்புகளையும், சர்வரையே கிளப்பிச் சோதிக்கும் டேப் (TAP) டெஸ்ட்களையும் இயக்கிக்கொள்ளுங்கள். எல்லா டெஸ்ட்களையும் ஓட்டும் ‘மேக் செக்-வேர்ல்ட்’ கட்டளையை ஓட்டுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பெரிய பயனில்லை. பல இயங்குதளங்களில் அதைத் தானாக ஓட்ட ஒரு பாட் (தானியங்கி நிரல்) ஏற்கெனவே இருக்கிறது. பிழைதிருத்தப் பேட்ச் என்றால் நான் கட்டாயம் செய்வது ஒன்று உண்டு: பேட்சில் வந்த டெஸ்டை மட்டும் வைத்துக்கொண்டு, திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டுவேன். அப்போது டெஸ்ட் தோற்க வேண்டும். தோற்காவிட்டால் அந்த டெஸ்ட் எதையும் காவல் காக்கவில்லை.

அடுத்தது உடைத்துப் பார்ப்பது. ஆசிரியர் எதையெல்லாம் நினைத்துப் பார்க்கவில்லையோ அங்கே போங்கள்: நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை), வெற்றுச் சரம், தற்காலிக டேபிள், பார்ட்டிஷன் செய்த டேபிள். போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்கியூஎல் ஜன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் டிரான்சாக்‌ஷனை முடிக்காமல் வைத்து மற்றதில் டேபிளின் அதே வரிசையை (row) மாற்றிப் பாருங்கள். பேட்ச் புது இலக்கணம் எதையாவது சேர்த்திருந்தால், பிஜி-டம்ப் கருவியால் டேட்டாபேஸை நகலெடுத்து வேறு டேட்டாபேஸில் ஏற்றி, அதே வரையறை திரும்பி வருகிறதா என்று பாருங்கள். அடிக்கடி விட்டுப்போகும் இடம் இது. வட்டில் எழுதும் விதத்தைத் தொடும் பேட்ச் என்றால் சர்வரை ‘இமீடியட்’ முறையில் (வேலைகளை முடிக்க விடாமல் சட்டென்று) நிறுத்தி, மறுபடி கிளப்பி, தரவு சரியாக மீள்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எழுத்துச் சரங்களைத் தொடும் பேட்ச்களுக்குத் தமிழ் அருமையான சோதனைப் பொருள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு (எழுத்தோ துணைக்குறியோ) ஒவ்வொன்றும் 3 பைட். ‘கொ’ கண்ணுக்கு ஓர் எழுத்து. போஸ்ட்கிரெஸின் நீளக் கணக்கில் 2, பைட் கணக்கில் 6. அதையே ஒற்றைக் கொம்பு, கால் என்று தனித்தனிக் குறியீடுகளாக உள்ளிட்டால் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஆனால் வழக்கமான ஒப்பீட்டில் சமமாகாது. பெயர்களுக்கு 63 பைட்தான் எல்லை. அதனால் ‘வாடிக்கையாளர்_நிலுவைத்தொகை’ என்று டேபிளுக்குப் பெயர் வைத்தால் ‘வாடிக்கையாளர்_நிலுவைத’ என்று வெட்டுப்படும். வெட்டு ஒரு குறியீட்டின் நடுவில் விழக் கூடாது. ஆங்கிலச் சரங்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இதெல்லாம் தோன்றாது, நமக்குத் தோன்றும். இதை நாம்தான் அங்கே கொண்டுபோக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வேகம் கூடுகிறது என்று சொல்லும் பேட்சை அசெர்ட் இயக்கிய பில்டில் அளக்காதீர்கள். அந்த எண்களுக்கு மதிப்பில்லை. சாதாரண பில்ட் இரண்டு, பேட்ச் உள்ளதும் இல்லாததும், வேகம் அளக்கும் கருவியான பிஜிபெஞ்ச்சில் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். பயன் பெறாத வினவல்கள் மெதுவாகிவிட்டனவா என்றும் அளந்துவிடுங்கள்.

ரிவ்யூ மடலில் பேட்சின் எத்தனையாவது பதிப்பு, மூல நிரலின் எந்தக் கமிட்டின் (பதிவான நிலையின்) மேல் பொருத்தினீர்கள், எந்த இயங்குதளம் என்று எழுதுங்கள். தவறு கண்டால் அதை மறுபடி வரவழைக்கும் எஸ்கியூஎல் வரிகளை முழுதாகக் கொடுங்கள். பார்க்காததையும் சொல்லிவிடுங்கள்: ‘ரெப்ளிகேஷனை நான் சோதிக்கவில்லை’ என்ற ஒரு வரி, அடுத்து வருபவர் எங்கே தொடங்கலாம் என்று காட்டிவிடும். எழுதியவரும் பெரும்பாலும் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி எழுதியவர்தான். பிடித்ததை வெளிப்படையாகச் சொல்லுங்கள், குறையைக் கேள்வியாகக் கேளுங்கள்.

குறைகளோ கேள்விகளோ இருந்தால், பிறகு கமிட்ஃபெஸ்ட் பட்டியலில் நிலையை ‘வெயிட்டிங் ஆன் ஆத்தர்’ (ஆசிரியருக்காகக் காத்திருப்பு) என்று மாற்றுங்கள். புதுப் பதிப்பு வந்ததும் உங்கள் கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பார்த்து, சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள். பாக்கி எதுவும் இல்லையென்றால் ‘ரெடி ஃபார் கமிட்டர்’, அதாவது மூல நிரலில் சேர்க்கும் உரிமை உள்ளவர் பார்க்கத் தயார்.