நவசெவ்வியல் கால உடையை ஓவியத்தில் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்புக்குக் கீழேயே இறுக்கிக் கட்டி, அங்கிருந்து நேராகத் தரைவரை விழும் வெள்ளை கவுன். 1790-களின் நடுவிலிருந்து 1810-கள் வரை பழங்கால கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்ட நவசெவ்வியல் பாணியில், பாரிஸில் கொடிகட்டிப் பறந்த உடை இது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் செய்யும் முதல் தவறு, ஓவியத்தைப் புகைப்படமாக நினைத்துவிடுவது.

லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மேடம் ரெக்காமியே ஓவியத்தையே பாருங்கள். 1800-இல் பிரெஞ்சு ஓவியர் டாவிட் வரையத் தொடங்கி, முடிக்காமலேயே விட்டது. ரோமானியப் பாணிச் சாய்விருக்கை, பக்கத்தில் உயரமான விளக்குத் தண்டு, தலையில் ஒரு பட்டை, வெறுங்கால். எல்லாமே பழங்காலத்தை நினைவூட்டுவதற்காக ஓவியர் திட்டமிட்டு அமைத்த காட்சி. அதை வைத்துக்கொண்டு அன்றைய பெண்கள் செருப்பில்லாமல் நடமாடினார்கள் என்று எழுதாதீர்கள், மெல்லிய தட்டையான காலணிகள் அவர்களிடம் தாராளமாக இருந்தன.

‘கிரேக்கர்களைப் போலவே உடுத்தினார்கள்’ என்பதும் சரியில்லை. பழைய சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள், காலப்போக்கில் அது உதிர்ந்துபோக, மிஞ்சிய வெள்ளைப் பளிங்கைத்தான் பதினெட்டாம் நூற்றாண்டு ரசிகர்கள் அழகின் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள். அதாவது இந்த உடை பின்பற்றியது சாயம்போன சிலையை.

அப்புறம், எல்லாவற்றையும் பிரெஞ்சுப் புரட்சியின் கணக்கில் எழுதிவிடுவது. புரட்சிக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1783-இல், விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர் பிரான்ஸ் ராணி மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் (மெல்லிய பருத்தித் துணி) உடையில் வரைந்து காட்சிக்கு வைத்தார். ராணி உள்ளாடையோடு நிற்கிறாரா என்று கூச்சல் எழ, அந்தப் படத்தை எடுத்துவிட்டு, பட்டு உடையில் ரோஜாவோடு நிற்கும் இன்னொன்றை வைக்க வேண்டியதாயிற்று.

உடலோடு ஒட்டுவதற்காகத் துணியை நனைத்து உடுத்தினார்கள் என்ற கதையையும் தயவுசெய்து பரப்பாதீர்கள். கேலிச்சித்திரங்களும் வம்புப் பேச்சும் ஊதிப் பெருக்கிய கதை அது. துணி மெல்லியது என்பது உண்மைதான், ஆனால் பெரும்பாலானவர்கள் உள்ளே பாவாடையும் மார்பைத் தாங்கும் குட்டைக் கச்சும் அணிந்தார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏதென்ஸையும் ரோமையும் விரிவாகப் பேசிவிட்டு மஸ்லினுக்குப் பேர்போன வங்காளத்து டாக்காவை விட்டுவிடுவது! உடல்மீது சிலையின் மடிப்புகளைப் போல விழக்கூடிய துணி தடித்த ஐரோப்பியப் பட்டில்லை, மெல்லிய மஸ்லின். அதில் மிக உயர்ந்த ரகம் வங்காள நெசவாளர்களின் தறியிலிருந்து வந்தது. குளிருக்குப் போர்த்திக்கொண்டது காஷ்மீர் சால்வை. 1805 வாக்கில் ஆங்க்ர் வரைந்த மேடம் ரிவியேர் ஓவியத்தில் அந்தச் சால்வை தோளைச் சுற்றிக் கையில் வழிந்து, கரையின் பூவேலை தெரிய முன்னால் விழுகிறது. குரோ வரைந்த, நெப்போலியனின் மனைவி ஜோசபினின் ஓவியத்திலோ, அவர் உடுத்தியிருக்கும் கவுனே காஷ்மீர் சால்வையில் தைத்ததுதான்.